ஊதாங்குழலும் ஊர் இழுப்பும்

வெள்ளைப்பாறைப்பட்டியின் இழுப்பு முழுவதையும் முப்பத்தியொரு வருஷம் என் ஒரு நெஞ்சில் வைத்து நான்தான் இழுத்தேன். சுண்ணாம்புச் சூளையில் நிற்கிற ஆண்களின் இழுப்பு, கல் உடைக்கிற பெண்களின் இழுப்பு, டீக்கடைக்காரரின் இழுப்பு, கணக்கு டீச்சரின் இழுப்பு என்று ஆளுக்கொன்றாக நூற்று அறுபத்துமூன்று இழுப்புகள் எனக்குள் குடியிருந்தன. அவற்றில் ஒன்றுகூட என்னுடையது இல்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. என் பெயர் குருவம்மாள். வைத்தியர் அய்யணனின் மனைவி.

என் வீட்டுக்காரர் ஏமாற்று வைத்தியர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடாதோடை இலையும் தூதுவளையும் கண்டங்கத்திரி வேரும் திப்பிலியும் தட்டிப்போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து காய்ச்சி, கருப்பட்டி சேர்த்து அவர் கொடுக்கிற கஷாயத்தைக் குடித்து, புளியும் பூசணியும் கத்திரிக்காயும் தள்ளி நாற்பத்தெட்டு நாள் பத்தியம் இருந்தவர்களுக்கு இழுப்பு போயேபோய்விடும். பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் மாட்டிவிட்டு வந்தவர்கள்கூட மறு மாசம் சைக்கிளில் போனதை நான் பார்த்திருக்கிறேன். நோயாளி ஒருவர் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர் குளித்து, கொல்லை வேலியில் நிற்கிற ஆடாதோடைக்கு மஞ்சள் நூலில் காப்புக் கட்டி, சூடம் காட்டி, யாருக்காகப் பறிக்கிறோம் என்று பேர் சொல்லி உத்தரவு கேட்டுத்தான் இலை பறிப்பார். காப்புக் கட்டும்போது பெண்கள் கண்ணில் பட்டால் செடி கோபித்துக்கொள்ளும் என்று என்னைக் கொல்லைப் பக்கம் விடமாட்டார். ஆனால் தினமும் அரிசி கழுவிய தண்ணீரை அந்தச் செடிக்கு ஊற்றி வளர்த்தது நான்தான், அதற்கு மட்டும் அது கோபித்துக்கொண்டதே இல்லை.

அந்தக் கஷாயத்தை நானும் முப்பத்தியொரு வருஷம் குடித்தேன். ஊரையே எழுப்பி உட்காரவைத்த மருந்து எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று கேட்டால், "ஒன் ஒடம்பு வாகு அப்பிடி" என்பார் அவர். படித்தவர் சொல்கிறாரே என்று நானும் தலையை ஆட்டிக்கொண்டு, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி இருந்தேன்.

ஊர் என்னைத் தாங்கிய தாங்கு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. குழாயடியில் எத்தனை குடம் வரிசையில் இருந்தாலும் என் குடம்தான் முதலில் நிரம்பும், நிரம்பிய குடத்தை யாராவது ஒருத்தி என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். டவுன் பஸ்ஸில் ஜன்னலோர ஸீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும், கண்டக்டர் சொல்லாமலே, எழுந்து இடம் விடுவார்கள். எங்கள் தெருவில் மிளகாய் வறுக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்திருந்தார்கள், வறுக்கவேண்டியவர்கள் சட்டியும் விறகுமாக ஊருக்கு வெளியே போய் வறுத்துவிட்டு வருவார்கள். பொங்கல் சாட்டிய நாளில் எனக்கு இழுப்பு வந்தால் மேளக்காரர் கையைத் தூக்குவார், மேளம் நிற்கும், சாமியும் நிற்கும், நான் மூச்சை ஒருவழியாக ஒழுங்குபண்ணிய பிறகுதான் சப்பரம் நகரும். குணமானவர்கள் வெற்றிலை பாக்கை வைத்தியரிடம் கொடுத்துவிட்டு, முட்டையோ மிளகோ ஒரு படி கேப்பையோ கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "மகராசி, ஒன் நெஞ்சு கல்லா இருக்கணும்" என்று வாழ்த்துவார்கள். என் குணத்துக்குத்தான் இத்தனை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அந்தப் புத்தியை எதில் சேர்ப்பது.

இன்னொன்று. எனக்குக் காய்ச்சலோ பிள்ளைப்பேறோ வந்த நாட்களில் அவர் வந்த நோயாளிகளைத் திண்டாடவிட்டு, "வீட்டுல முடியல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். பொண்டாட்டிக்கு முடியவில்லை என்று தொழிலையே நிறுத்துகிற ஆம்பளை எந்த ஊரில் இருக்கிறார் என்று அம்மன் கோயிலில் நின்று கண்ணீர்விட்டிருக்கிறேன். டீக்கடைச் சுவரில் கரியால் ஒரு வரிசை எழுதியிருக்கும், யார் எந்த வாரம் கஷாயம் குடிக்கவேண்டும் என்று. வாரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் இருக்காது. அந்த இரண்டு எதை வைத்து வந்த இரண்டு என்று நான் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

எனக்குள் இருந்த இழுப்புகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று வந்தால் நாக்கில் சுண்ணாம்பு காரும். ஒன்று சரியாக இரண்டாம் பீரியடு மணி அடிக்கிற நேரத்துக்கு வந்து மூன்றாம் பீரியடு மணிக்குப் போய்விடும். ஒன்று ராகம் போட்டு இழுக்கும், ஒன்று தேர்தல் வருஷத்தில் மட்டும் வரும். இழுப்பு என்றால் இப்படிப் பலவிதமாகத்தான் இருக்கும்போல என்று நான் இருந்துவிட்டேன். அவற்றுக்கெல்லாம் அடியில், எப்போதும் போகாமல், கல்யாணமான நாளிலிருந்து ஒன்று இருந்தது. அதுதான் என் சொந்த இழுப்பு என்று நினைத்து அதன்மேல் எனக்கு ஒரு பிரியம்கூட உண்டு.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயசு. எங்கள் ஊர் ஆலங்கிணறு. அய்யா மட்டும்தான் எனக்கு, அப்பாவை எங்கள் பக்கம் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே போய்ச்சேர்ந்துவிட்டாள். அய்யா சங்கையாவுக்கு அப்போது கடுமையான இழுப்பு. உரலில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார், நான் ஏழு வயசிலிருந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், எந்த இடத்தில் கை வைத்தால் அவருக்கு மூச்சு இறங்கும் என்று என் கைக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. அணைந்த அடுப்பில் சாம்பலுக்கு அடியில் ஒரே ஒரு நெருப்புக் கங்கை வைத்துவிட்டு, ஊதாங்குழலைக் கையில் கொடுத்து, ஒரே மூச்சில் தீயை எழுப்பச் சொன்னார்கள். அது அவர்கள் வீட்டுப் பழக்கம் என்றார்கள். "ஊது தாயி, இன்னும் ஊது" என்று அய்யா பக்கத்தில் நின்று சொன்னார். நான் ஊதிய ஊதலில் தீ எழும்பி என் நெற்றி முடி கருகியது. எல்லாரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள், மாப்பிள்ளையின் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

தாலி ஏறிய அன்றைக்கே அய்யாவுக்கு மூச்சு சரியாகிவிட்டது. அன்றைக்கே எனக்கு இருமல் வந்தது, ஓமப்புகை என்றார்கள். மருமகன் கையில் மருந்து இருக்கும்போது மாமனார் குணமாவதில் என்ன ஆச்சரியம்? என் அய்யாவை எழுப்பிவிட்ட மனுஷன் என்று அந்த ஒரு காரணத்துக்காகவே என் வீட்டுக்காரர் சொன்னதையெல்லாம் கேட்டேன். அய்யா வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டுவருவார். கரும்பை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், என் காலைப் பார்த்தபடி "நல்லாருக்கியா தாயி" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விடுவார். மகள் வீட்டில் கை நனைக்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

போன ஆடி மாசம் எங்கள் மகன் செந்தட்டிக்குப் பெண் பார்க்கப் போனோம். செந்தட்டியும் வைத்தியம்தான் பார்க்கிறான். பெண் பெயர் பொன்மாரி, காலேஜில் கபடி ஆடி மெடல் வாங்கிய பிள்ளை, சுவரில் கப்பு கப்பாக மாட்டியிருந்தது. காஸ் அடுப்பு வைத்துச் சமைக்கிற வீடு. அந்த வீட்டின் சமையல்கட்டு மூலையில் புதுசாக ஒரு மண் அடுப்பு போட்டு, சாணி மெழுகி, பக்கத்தில் ஓர் ஊதாங்குழலைச் சாத்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நெற்றி முடி கருகிய வாசனை அடித்தது. பொன்மாரி குனிந்து ஒரே ஊதலில் தீயை முழங்கை உயரத்துக்கு எழுப்பிவிட்டு, கப்பு வாங்கிய மாதிரி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்போதுதான் என் மாமியார் அன்றைக்கு ஏன் சிரிக்கவில்லை என்று பாதி புரிந்தது.

மீதியைப் பெண்ணின் தகப்பனார் புரியவைத்தார். அவர் உள் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தார், என் வீட்டுக்காரர் அவர் தோளில் கை போட்டு, "தாலி ஏறட்டும் சம்பந்தி, மறுநாளே நீங்க கரும்பு கடிக்கலாம்" என்றார். அந்த மனுஷன் குரலைத் தாழ்த்தி, "புள்ளைக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் திரும்பி, சந்தையில் மாட்டைக் காட்டுவதுபோல் என்னைக் காட்டினார். "இந்தா நிக்கிறாள்ல. முப்பத்தியொரு வருசமாச் சொமக்குறா. என்ன கொறஞ்சு போச்சு?"

திரும்பி வருகிற வேனில் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை, பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார். மருந்து இழுப்பை நெஞ்சிலிருந்து கழற்றித்தான் விடுமாம், கழன்றது போய் உட்கார ஓர் இடம் வேண்டுமாம். இடம் இல்லையென்றால் செடியிலேயே உட்கார்ந்துகொள்ளும், பத்து நோயாளியில் செடி பட்டுப்போகும். அதனால் அவர்கள் பரம்பரையில் காப்புக் கட்டும்போது இரண்டு பேர் சொல்வார்களாம், இன்னார் குடிக்க, இன்னார் சுமக்க என்று. சுமக்கிறவள் வீட்டுக்கு வந்த மருமகள். அவளுக்கு வயசானதும் அவளிடம் இருப்பதெல்லாம் அடுத்த மருமகளுக்குத் தாலி நூல் வழியாகக் கைமாறிவிடும். "ஒரு இழுப்பு மிச்சம் இருந்தாக்கூடப் போதும். தயிருக்கு ஒறை மோர் மாதிரி. சுத்தமா வெறும் நெஞ்சாப் போச்சுன்னா மட்டுந்தான் கைமாறாது, பரம்பரையே அத்துப்போகும். ஆனா அப்பிடி யாருக்கும் ஆனதில்ல."

"எங்கிட்டக் கேட்டீங்களா?"

"செடிகிட்டக் கேட்டோம்ல" என்றார்.

செந்தட்டி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். "ஒனக்குத் தெரியுமாடா?" என்றேன்.

"ஊர்ல எல்லாருக்கும் தெரியும்மா. ஒனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன்" என்றான். பத்து மாசம் சுமந்தவளிடம் சொல்கிற பதிலா இது? வேன் டிரைவர்கூட கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை ரோட்டுக்குத் திருப்பினான், அவன் இழுப்பும் எனக்குள் இருந்திருக்கவேண்டும்.

கேட்டிருந்தால் நானே சரி என்று சொல்லியிருப்பேன், அதுதான் எனக்கு ஆறவில்லை. பத்தொன்பது வயசில் என் அய்யாவுக்காக என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, பாவம் என் அய்யாவிடமும் சொல்லியிருக்கமாட்டார்கள், அவரையும் என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து அவருக்காகவும் அழுதேன்.

பொன்மாரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்தாள். "அத்தே, எங்க அப்பா படுத்துத் தூங்கி ஆறு வருசமாச்சு. என் நெஞ்சு பெரிசு, அவரோடத நான் தாங்கிக்குவேன்."

"அவரோடது மட்டும் இல்லடி. எங்க ஊரே வரும்."

"ஊருன்னா எத்தன பேரு அத்தே?" என்று அவள் கேட்கும்போதே போனை யாரோ வாங்கினார்கள். இழுப்பு கேட்டது, பிறகு போன் அணைந்துவிட்டது. அதன்பிறகு அந்த எண்ணுக்கு லைன் கிடைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் நாக்கில் சுண்ணாம்பு காருகிற அந்த இழுப்பு வந்தது. நான் பரண்மேல் கிடந்த என் சீர்ச் சாமான்களில் இருந்து, ஆலங்கிணற்றிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஊதாங்குழலைத் தேடி எடுத்துக்கொண்டு, முப்பத்தியொரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொல்லைப் பக்கம் போய் ஆடாதோடைக்கு எதிரே உட்கார்ந்தேன். பேர் சொல்லி வந்தது பேர் சொல்லி ஊதினால் திரும்பிப் போகாதா என்று பார்க்கத்தான். "சூளை மேஸ்திரி வேலாண்டி, இந்தா ஒன்னோடது" என்று சொல்லி, குழலைச் சூளை இருக்கிற திசைக்கு நீட்டி ஊதினேன். என் நாக்கில் இருந்த சுண்ணாம்பு போயிற்று. இரண்டு நிமிஷம் கழித்துச் சூளைப் பக்கமிருந்து வேலாண்டி இருமுகிற சத்தம் கேட்டது, பிறகு அவர் இழுக்கிற சத்தம், அந்த இழுப்பை எனக்குத் தெரியாதா?

செடி கோபித்துக்கொள்ளவில்லை. ஆகவே அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பதினொரு நாள் ஆயிற்று. இரண்டாம் பீரியடு இழுப்பைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், ராகம் போட்ட இழுப்பை பஜனைக்காரர் வீட்டுக்கு அனுப்பினேன், தேர்தல் இழுப்பை எங்கள் வார்டு மெம்பருக்கு அனுப்பினேன். செத்துப்போனவர்களின் இழுப்பு மயானத்துப் பக்கம் போய் அங்கே இருக்கிற கோரைப்புல்லை ஆட்டிவிட்டு அடங்கியது. சின்னப் பிள்ளைகளின் இழுப்பு வந்தபோது கை நின்றது, பிள்ளைகள் என்ன பாவம் செய்தன. அதனால் அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து சுமக்க என் பேரைச் சொல்லவைத்த தகப்பன்மார் பேரைச் சொல்லி ஊதினேன், அது சரியாகப் போய்ச்சேர்ந்தது. ஒவ்வொன்றாகப் போகப் போக, வீட்டுக்குள் அடைத்துவைத்த சாமான்களை ஒழித்த மாதிரி நெஞ்சுக்குள் இடம் தெரிய ஆரம்பித்தது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்லவேண்டும். முதல் நாள் பயந்தார்கள், இரண்டாம் நாள் மெத்தைக் கடைக்காரன் தலையணையாக விற்றுத்தீர்த்தான், மூன்றாம் நாள் டீக்கடையில் டீயை நிறுத்திவிட்டுச் சுக்குத்தண்ணி போட்டார்கள், நாலாம் நாள் சூளையில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உட்கார பெஞ்சு போட்டுவிட்டார்கள். குழாயடியில் என் குடம் கடைசிக்குப் போயிற்று. எங்கள் தெருவில் மிளகாய் வறுத்தார்கள், வறுத்தவர்களே இருமிச் செத்தார்கள். ஏழாம் நாள் வேலாண்டி தலைமையில் எல்லாரும் என் வாசலில் வந்து இழுத்துக்கொண்டே நின்றார்கள்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியே தாயி" என்றார் வேலாண்டி. அவருக்கு உண்மையாகவே கண்ணில் தண்ணீர். "ஒன்ன நாங்க எப்பிடி வச்சுருந்தோம். சாமி சப்பரத்தையே நிப்பாட்டுனோமே ஒனக்காக. அந்த நன்றி வேணாம்?"

"யாரோட மூச்சு நின்னதுக்கு நிப்பாட்டுனீக, மேஸ்திரி? ஒங்களோடதுக்குத்தான?" என்றேன்.

கூட்டத்தில் ஒருவர், வேண்டுமானால் மாசத்துக்கு நாலு நாள் எனக்கு லீவு விடுவதாகவும், அந்த நாலு நாள் ஊரார் முறைவைத்து இழுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அதைத் தியாகம் மாதிரி சொன்னார் அந்த ஆள். என் வீட்டுக்காரர் எல்லாரையும் கையமர்த்தினார். ஒருத்தர் இழுப்புக்கு ஒருத்தி மேல் காப்பு ஒரு தடவைதான், திருப்பி என்மேல் கட்ட முடியாது. ஆனால் புது மருமகள் மேல் கட்டலாம், அதற்கு என்னிடம் ஒரே ஓர் இழுப்பு மிச்சம் இருந்தால் போதும், எனவே ஆடி என்று பார்க்காமல், ஆவணியில் வைத்த கல்யாணத்தை வருகிற வெள்ளிக்கிழமைக்கே வைத்துக்கொள்வோம் என்றார். ஊர் அந்த இடத்திலேயே கல்யாண வேலைகளைப் பங்குபோட்டுக்கொண்டது. ஆளுக்கொரு வேலையாகப் பேசிக்கொண்டு, கைத்தாங்கலாக ஒருவரை ஒருவர் பிடித்தபடி போனார்கள்.

புதன்கிழமை கடைசி ஆளையும் அனுப்பிவிட்டேன். என் வீட்டுக்காரருடையதும் செந்தட்டி சின்னதில் இழுத்ததும்கூடப் போய்விட்டன. செந்தட்டியுடையதை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு போன அவன் தகப்பன் பேருக்கே ஊதினேன், அந்த மனுஷன் இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். ஆனாலும் அடியில் அந்த ஒன்று இருந்தது. என்னுடையதுதானே என்று "குருவம்மா" என்று என் பேரையே சொல்லி ஊதினேன். அது போகவில்லை. சொந்தமாக எனக்கு இழுப்பே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டேன். முப்பத்தியொரு வருஷம் மற்றவர்களின் சத்தத்தில் அதைச் சரியாகக் கேட்டதே இல்லை. இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு, முடிவில் ஆட்டைக் கூப்பிடுவதுபோல் ஒரு "ஹும்". அந்த ஹும்முக்குத் தலையை ஆட்டியபடி தூங்கிப்போன ஏழு வயசுப் பிள்ளை நான்தான்.

ஊதவில்லை. ஊதாங்குழலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஆலங்கிணற்றுக்குக் கிளம்பினேன். ஜன்னலோர ஸீட் கிடைக்கவில்லை, நின்றுகொண்டேதான் போனேன். என் அய்யாவிடம் போய், நம் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லி அவர் மடியில் விழுந்து அழவேண்டும், பிறகு நாளைக்குக் கல்யாணப் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்று அவரிடமே கேட்கவேண்டும் என்று நினைத்தேன். வேறு யாரிடம் கேட்பேன்.

அய்யாவுக்கு எழுபத்தொன்பது வயசு. போனபோது கிணற்றடியில் நின்று இரண்டு கையாலும் கயிறு இழுத்துத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார், மூச்சில் ஒரு பிசிறு இல்லை. "வா தாயி" என்றார். என் காலைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பையைப் பார்த்தார், பைக்கு வெளியே ஊதாங்குழலின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. வாளியைக் கீழே வைத்தார்.

"அய்யா, நம்மள ஏமாத்திட்டாங்கய்யா" என்று நான் ஆரம்பித்தேன்.

"எல்லாரோடதையும் குடுத்துட்டியாமே. பஸ்ஸுல வந்தவுக சொன்னாக" என்றார் அய்யா. "என்னோடது இன்னும் ஒங்கிட்டத்தான தாயி இருக்கு?"

"ஒங்களுக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டேன்.

"சொமக்குற பேர மொதத் தடவ பெத்தவன்தான் சொல்லணும்னாக. விடியக்காலம் கூட்டிட்டுப் போய்ச் செடிக்கு முன்னாடி நிப்பாட்டுனாக. நாந்தான் சொன்னேன். சங்கையா குடிக்க, சங்கையா மக குருவம்மா சொமக்கன்னு." அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு நா படுத்துத் தூங்கணும்னு நெனச்சேன் தாயி. அம்புட்டுத்தான் நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே சரின்னுருப்பேனே, அய்யா."

"அதான் சொல்லல. நீ சரின்னுட்டா எனக்கு வாங்க மனசு வந்துருக்காது."

அப்படி ஒரு நியாயம். நான் பையிலிருந்து ஊதாங்குழலை எடுத்தேன். நாளைக்குக் கல்யாணம் என்றும், இது ஒன்று எனக்குள் இருந்தால் பொன்மாரி என்கிற ஒரு பிள்ளைக்கு ஓர் ஊரே கைமாறிவிடும் என்றும் அவரிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை கபடி ஆடுகிறவள் என்றுகூடச் சொன்னேன். அய்யா கையெடுத்துக் கும்பிட்டார். "எம்பது வயசுலயா தாயி? இன்னும் ரெண்டு வருசம் வச்சுக்கயேன். ரெண்டே வருசம். முப்பது வருசம் வச்சவளுக்கு ரெண்டு வருசம் பெருசா?" என்றார். நான் குழலை நிமிர்த்தியதும் கும்பிட்ட கையை விட்டுவிட்டு அவர் ஓடினார்.

என்ன ஓட்டம் அது! எழுபத்தொன்பது வயசு மனுஷன் வேட்டியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, களத்தைத் தாண்டி, மாட்டுத்தொட்டியைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, ஓர் இடத்தில்கூட நின்று மூச்சு வாங்காமல் ஓடினார். ரேஷன் கடையில் நின்றவர்கள் வழிவிட்டு, பெரியவருக்கு என்ன தெம்பு என்று பேசிக்கொண்டார்கள். அது என் மூச்சு. நான் பத்தொன்பது வயசில் ஓடியிருக்கவேண்டிய ஓட்டம், என் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கவேண்டிய ஓட்டம், அத்தனையையும் அவர் ஓடுகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர் ஊர் எல்லை வேப்பமரத்தை நெருங்கும்போது, "சங்கையா, இந்தாங்க ஒங்களோடது" என்று சொல்லி, நெற்றி முடி கருகிய அன்றைக்கு ஊதிய மாதிரியே ஊதினேன்.

வேப்பமரத்தடியில் அவர் நின்றார். இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு. பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

நான் போனேன். ஓடியே போனேன், எனக்கு இரைக்கவில்லை. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவினேன், கை தானாகவே அந்த இடத்துக்குப் போயிற்று. நாளைக்குக் கல்யாணம் நடந்தால் வெறும் கல்யாணமாக நடக்கட்டும், என் கழுத்து நூலில் கைமாற இனி ஒன்றும் இல்லை. அய்யா ரொம்ப நேரம் இழுத்தார். முப்பத்தியொரு வருஷம் கழித்து முதல்முறையாகத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார்.

"தாயி," என்றார், ஹும்முக்கும் ஹும்முக்கும் நடுவில், "ஒங்க வீட்டுக் கொல்லையில… ரெண்டு ஆடாதோட எல… இருக்குமா?"

"இருக்குய்யா. வேலி பூரா தளதளன்னு நிக்கிது" என்றேன். "யாரு சொமக்கன்னு சொல்லிப் பறிக்கட்டும்?"